விண்டோஸ் 11-க்கு மாறுமுன்: எது போகும், எவ்வளவு ஆகும்

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ஒரு மாலை என்னைக் கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, இலவசம்னு சொன்னாங்கன்னுதான் புது விண்டோஸ் போட்டேன். இப்ப ஸ்கேனர் செத்துப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். ஸ்கேனர் சாகவில்லை. பொத்தானை அழுத்தியதும் அதன் விளக்கு எரிந்தது, உள்ளே கம்பி நகரும் ஓசையும் கேட்டது. கணினிக்குத்தான் அதை அடையாளம் தெரியவில்லை. அந்த ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பழைய 32 பிட் வகையில் மட்டுமே இருந்ததால், முன்பு யாரோ அந்தக் கணினியில் விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே கணினி பழுது பார்ப்பவர் ஒருவர் பழையதை முழுவதும் அழித்துவிட்டு 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவியிருந்தார். "அண்ணே, இதுக்கு டிரைவர் இனி வராது" என்று சொன்னபோது, "அப்ப இலவசம்னு சொன்னது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்தக் கட்டுரை. இயங்குதளத்தை முதன்முறையாகத் தாமே மாற்றப் போகிறவர்களுக்காக, மாறும் நாளன்று செய்ய வேண்டியவற்றைவிட மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன். ஏனெனில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை நிறுவும்போது வந்தவை அல்ல. ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கக்கூடியவை.

முதலில் காலக்கணக்கைத் தெரிந்துகொள்வோம். 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. நேற்று செய்த வேலைகளை இன்றும் செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இனி இலவசமாக ஒட்டுப்போட மாட்டார்கள். வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அந்தக் கணினியில் திறப்பவருக்கு இது சிறிய செய்தி அல்ல. அதற்காக அன்றிரவே பதறிப்போய் மாற வேண்டியதும் இல்லை. ஓராண்டு அவகாசம் பெறும் வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன், ஒரு வாரம் அந்தக் கணினியில் என்னென்ன செய்கிறீர்கள் என்பதைத் தாளில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் போதாது. செய்யச் செய்ய எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதுபவர் "இணையம் பார்ப்பேன், டைப் அடிப்பேன், பிரிண்ட் எடுப்பேன்" என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். செய்யச் செய்ய எழுதுபவர், மாதம் ஒருமுறை மட்டும் சொருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும், கல்யாண வீடியோ பார்க்க எப்போதாவது போடும் டிவிடியையும், ஒரே ஓர் அலுவலக இணையதளத்துக்காக மட்டும் திறக்கும் பழைய உலாவியையும் எழுதுவார். மாற்றத்தில் அடிபடுவது பெரும்பாலும் இந்த அபூர்வ வேலைகள்தாம்.

கணினியோடு இணைக்கும் கருவிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், பார்கோடு படிக்கும் கருவி, கைரேகைக் கருவி, கணக்கு மென்பொருளின் உரிமத்தைக் காட்டச் சொருகும் டாங்கிள் என ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்து எழுதுங்கள். பிறகு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் இருந்தால் அது பெரும்பாலும் 11-இலும் வேலை செய்யும். 32 பிட் மட்டுமே இருந்தால் அந்தக் கருவியின் கதை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் எழுத வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடிப்பவர்களுக்குக் கவலை இல்லை. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் வைத்திருப்பவர்கள்தாம் கவனிக்க வேண்டும். அந்த எழுத்துருக் கோப்பு புதிய நிறுவலில் இல்லையென்றால், பத்து வருடத்துத் தமிழ் ஆவணம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் திறக்கும். ஆவணம் கெட்டுவிடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆகவே எழுத்துருக் கோப்புகளையும், பழைய விசைப்பலகை மென்பொருளை நிறுவப் பயன்பட்ட கோப்பையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கணினிக்குத் தகுதி இருக்கிறதா

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சத் தேவைகள் காகிதத்தில் எளியவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டும் கணினியைத் தொடங்கும் செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசஸர். பலரையும் தடுப்பது இந்தக் கடைசி நிபந்தனைதான். இன்டெல் பிராசஸர்களில், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பட்டியலில் இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்று போனால் பிராசஸரின் பெயர் தெரியும். ஐ5 என்பதை அடுத்து 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையில் சில மாடல்கள் உள்ளே, சில வெளியே இருப்பதால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓடவிட்டால், எந்த நிபந்தனையில் தேறவில்லை என்பதை அதுவே வரிவரியாகச் சொல்லிவிடும்.

அதே அபௌட் பக்கத்தில், சிஸ்டம் டைப் என்ற வரியில் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால், இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஏறும் வழி கிடையாது. அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது ஒன்றே வழி. அப்போது நிறுவியிருந்த மென்பொருள்கள் அனைத்தும் போய்விடும். ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் இந்த ஒரு வரியை யாராவது முன்பே படித்துக் காட்டியிருந்தால் போதும்.

டிபிஎம் இல்லை என்று செயலி சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பல கணினிகளில் அது இருக்கும், பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும் ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். அதை இயக்கினாலே சில கணினிகள் தேறிவிடும். ஆனால் பயாஸைத் தொடுவதற்கு முன், டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் அமைப்பை மாற்றியதும் அடுத்த முறை கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் யாராலும் திறக்க முடியாதவையாக அங்கேயே கிடக்கும்.

தகுதியில்லாத கணினியிலும் சோதனைகளைத் தாண்டி நிறுவ இணையத்தில் பல குறுக்குவழிகள் சுற்றுகின்றன. செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் பெறும் உரிமை இல்லை என்பது மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு (24 ஆண்டையும், எச்2 அதன் இரண்டாம் பாதியையும் குறிக்கும்), பிராசஸரில் பாப்கவுண்ட் உள்ளிட்ட சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய கணினிகளில் தொடங்கவே தொடங்காது. சொந்தமாக நோண்டிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர் ஓர் உபரிக் கணினியில் செய்யட்டும். கடையிலோ, அப்பா பென்ஷன் விவரம் பார்க்கும் கணினியிலோ இந்த வேலை வேண்டாம்.

மூன்றாம் படி: எவையெல்லாம் இல்லாமல் போகும்

புதிய இயங்குதளத்தின் விளம்பரத்தில் வருபவற்றின் பட்டியல் மட்டும்தான் இருக்கும். போனவற்றின் பட்டியலையும் மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது, ஆனால் அதைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். அங்கே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நீக்கப்பட்டவை. மற்றொன்று, இனி வளர்க்கப்படாதவை. அதாவது இப்போதைக்கு இருக்கும், பின்னொரு பதிப்பில் நீக்கப்படும். இரண்டாவது பட்டியலில் ஏறிய வசதியைப் புதிதாகக் கற்றுக்கொண்டு அதன்மேல் வேலையைக் கட்டாதீர்கள்.

வேர்ட்பேட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1995 முதல் விண்டோஸோடு இலவசமாக வந்துகொண்டிருந்த அந்தச் சிறு எழுது மென்பொருளை நீக்கப் போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள்; 24எச்2 பதிப்பில் நீக்கியே விட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் கடிதங்கள் அனைத்தையும் வேர்ட்பேடில்தான் எழுதி வந்தார். மாறிய பிறகு ஒரு கடிதத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறார். கணினி எதைக் கொண்டு திறப்பது என்று கேட்க, நோட்பேடைத் தேர்ந்தெடுத்துவிட்டார். திரை முழுவதும் பின்சாய்வுக் கோடுகளும் எண்களும். "என் எழுத்தெல்லாம் போயிடுச்சேப்பா" என்று கலங்கிப் போனார். "போகலை ஐயா, இந்த 2949-தான் உங்க 'அ'" என்று திரையைக் காட்டினேன். வேர்ட்பேட் சேமிக்கும் ஆர்டிஎஃப் வகைக் கோப்பில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் அதன் யூனிகோடு எண்ணாகத்தான் பதிந்திருக்கும். இலவசமான லிப்ரேஆபிஸ் ரைட்டரை நிறுவிக் கொடுத்ததும் கடிதங்கள் முன்போலவே திறந்தன. செலவு ஒன்றுமில்லை, ஆனால் அந்த அரை நாள் அவர் பட்ட கலக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் அசைந்துகொண்டிருந்த லைவ் டைல்கள் 11-இல் இல்லை. பழைய செயல்களை நாள்வாரியாகக் காட்டிய டைம்லைனும், டேப்லட் மோடும், கணக்குச் சமன்பாடுகளைக் கையால் எழுதப் பயன்பட்ட மேத் இன்புட் பேனலும் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தனி உலாவியாக இல்லை. அது இல்லாமல் திறக்காத பழைய அலுவலகத் தளங்களுக்கு எட்ஜ் உலாவிக்குள் ஐஇ மோட் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைக் குறைந்தது 2029 வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெயில், காலண்டர் செயலிகளின் ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்து, அந்த இடத்தில் புதிய அவுட்லுக் வந்துவிட்டது. கண்முன் மெய்நிகர் உலகைக் காட்டும் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற ஏற்பாட்டை 24எச்2-இல் நீக்கியபோது, அதற்கென்றே விலை கொடுத்து வாங்கித் தலையில் மாட்டும் கருவிகள் அந்தப் பதிப்பில் பயனற்றுப் போயின. மென்பொருளில் ஒரு வரியை அழித்தால் அலமாரியில் இருக்கும் பொருள் குப்பையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கணக்கு விஷயத்திலும் ஒரு சுதந்திரம் போயிருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். மின்னஞ்சல் முகவரியே இல்லாத பெரியவர் ஒருவருக்குக் கணினி அமைத்துத் தரும்போது இது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே உள்ளூர்க் கணக்கோடு (அந்தக் கணினியில் மட்டும் உள்ள கணக்கோடு) ஓடும் விண்டோஸ் 10-ஐ அப்படியே மேம்படுத்தினால் பெரும்பாலும் அந்தக் கணக்கு தொடரும். அழித்து நிறுவாமல் மேம்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனவை எல்லாம் போனவையாகவே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது கோப்பை இழுத்துப் பணிப்பட்டையில் உள்ள செயலிமேல் விடும் வசதி இல்லை. 2022-இல் திரும்பி வந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தையும் பெயரோடு தனித்தனியே காட்டும் வசதியும் அப்போது இல்லை. பயனர்கள் விடாமல் கேட்டதால் 2023-இல் அதையும் தந்தார்கள். பத்துப் பதினைந்து பில்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் தலைவலிதான். ஆகவே, புதிய பதிப்பு வந்த முதல் மாதத்திலேயே பாய்வதில் எந்த லாபமும் இல்லை என்பது என் கருத்து.

நான்காம் படி: செலவைக் கூட்டுங்கள்

இயங்குதளத்தின் விலை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆப்பிள் 2007-இல் தன் மேக் இயங்குதளத்தின் லெப்பர்ட் பதிப்பை 129 டாலருக்கு விற்றது. 2009-இல் ஸ்னோ லெப்பர்ட் மேம்படுத்தல் 29 டாலர். 2013-இல் மேவரிக்ஸ் இலவசம். மைக்ரோசாஃப்டும் 2012-இல் விண்டோஸ் 8 புரோ மேம்படுத்தலை அறிமுகச் சலுகையாக 39.99 டாலருக்குக் கொடுத்தது. 2015-இல் விண்டோஸ் 10-ஐ முதல் ஓராண்டுக்கு இலவசமாக்கியது. ஆனால் விலை இறங்கிய அதே வேளையில் செலவு வேறு இடத்தில் முளைத்தது. விண்டோஸ் 8 டிவிடி ஓட்டும் வசதியைத் தன்னிடமிருந்து கழற்றிவிட்டது. விண்டோஸ் 10 மீடியா சென்டரை நீக்கியது. டிவிடி பிளேயர் செயலி 14.99 டாலருக்குக் கடையில் வைக்கப்பட்டது. ஆப்பிளின் இலவசமான கேட்டலினா 2019-இல் 32 பிட் செயலிகள் அனைத்தையும் ஓடாமல் செய்தபோது, காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருள்களைப் பலர் மறுபடி வாங்க நேர்ந்தது. எனவே உரிமத்தின் விலையை மட்டும் பார்த்து "இலவசம்" என்று எழுதிவிடாதீர்கள்.

உரிமத்தில் தொடங்குவோம். முறையாகச் செயல்படுத்தப்பட்ட விண்டோஸ் 10 இருந்து, கணினியும் தகுதியுள்ளதாக இருந்தால், 11-க்கு மாறக் கட்டணம் இல்லை. ஹோம் வைத்திருப்பவருக்கு ஹோம், புரோ வைத்திருப்பவருக்கு புரோ. புதிதாக வாங்குவதானால் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஹோமுக்கு 139 டாலர், புரோவுக்கு 199 டாலர். ஹோமிலிருந்து புரோவுக்கு ஏற 99 டாலர். உங்கள் நாட்டு விலையை மைக்ரோசாஃப்டின் தளத்தில் பாருங்கள். வீட்டுக்குப் புரோ தேவையா என்று பலர் கேட்கிறார்கள். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே அந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும், அலுவலக வலையமைப்பில் சேர வேண்டும் என்பன போன்ற தேவை இல்லையென்றால் வேண்டாம். விண்டோஸ் 7 அல்லது 8-இன் பழைய சாவியைக் கொண்டு புதியதைச் செயல்படுத்தும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் சாவிகளில் பலவும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. இன்று வேலை செய்து நாளை முடக்கப்படலாம். பில் தராத இடத்தில் சாவி வாங்காதீர்கள்.

அடுத்து, போன வசதிகளை ஈடுகட்டும் செலவு. பெரும்பாலும் இதைச் சுழியமாக்க முடியும். டிவிடிக்கும், கைப்பேசியில் எடுத்த எச்இவிசி வகை வீடியோவுக்கும் விஎல்சி பிளேயர் போதும். எச்இவிசி நீட்டிப்புக்கு மைக்ரோசாஃப்ட் கடையில் 0.99 டாலர் கேட்கும்போது கார்டை எடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆபிஸ் 2016, 2019 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றின் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸை மாற்றிவிட்டுப் பழைய ஆபிஸை அப்படியே விட்டால், வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

வன்பொருள் செலவுதான் கனமானது. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 நிறுவப்படும். ஆனால் உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். 8 ஜிபி இல்லாமல் மாறாதீர்கள் என்பேன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால், ரேமுக்கும் முன்னால் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்புச் சாதனம்) போடுங்கள். மெதுவாக இருக்கிறது என்று தூக்கிப்போட இருந்த பல கணினிகள் அந்த ஒரு மாற்றத்தில் பிழைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இவை இரண்டும் சேர்ந்தும் புதிய கணினியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். அதன்பின் தாளில் எழுதிய கருவிகளில் டிரைவர் இல்லாதவற்றின் மாற்று விலையைக் கூட்டுங்கள். அடிக்கோடு போட்டு வரும் தொகைதான் உங்கள் "இலவச" மேம்படுத்தலின் விலை.

ஐந்தாம் படி: மாறுவதா, தள்ளிப்போடுவதா

தொகை கையைக் கடித்தால், அல்லது கணினி தகுதி பெறவில்லை என்றால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேரலாம். தனிநபர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். சேர மூன்று வழிகள்: 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம் கட்டுவது, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் திட்டத்தில் சேர்த்த 1,000 புள்ளிகளைக் கொடுப்பது, விண்டோஸ் பேக்கப் வழியாக அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏற்றிக் கட்டணமின்றிச் சேர்வது. பணம் கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதால் வீட்டில் உள்ள அனைத்துக்கும் ஒருமுறை கட்டினால் போதும். நார்வே, பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழும் நம்மவர்களுக்கு இந்தப் பேக்கப் நிபந்தனைகூட இல்லாமல் இலவசம். கணக்கில் நுழைந்திருப்பது மட்டும் தேவை.

இலவச வழியில் சேர்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேக்கப் திரையில் அமைப்புகளோடு சேர்த்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளையும் ஏற்றலாமா என்று கேட்கும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால், குடும்பப் படங்களிலேயே அது நிரம்பி, இடம் வாங்கச் சொல்லி அறிவிப்புகள் வரத் தொடங்கும். கோப்புறைகளை அணைத்துவிட்டு அமைப்புகளை மட்டும் ஏற்றுங்கள்.

நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு. ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. மூன்றாண்டுக்குக் கூட்டினால் 427 டாலர். இரண்டாம் ஆண்டில் சேர வந்தாலும் முதலாண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இத்தனை கட்டுவதற்கு உள்ளே இருக்கும் வேலை அவ்வளவு முக்கியமானதா என்று நிறுவனமே யோசிக்கட்டும் என்பதற்காகத்தான் இப்படி விலை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

உலாவி, மின்னஞ்சல், கடிதம் எழுதுவது ஆகியவைதான் தாளில் இருக்கின்றன என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் எண்ணிப் பாருங்கள். அதன் வகைகளான லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ் 99 தட்டச்சுக்கும் வழி உண்டு. ஆனால் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் தாளில் இருந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

ஆறாம் படி: மாறும் நாள்

கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். எடுத்த பின் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகல் அல்ல. மென்பொருள்களின் உரிம எண்களையும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் எடுத்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 11-க்கான பொத்தான் வருகிறதா என்று பாருங்கள். தகுதி இருந்தும் வரவில்லை என்றால், உங்கள் கணினியில் உள்ள ஏதோ ஒரு டிரைவரோ செயலியோ தொல்லை தரும் என்று தெரிந்து மைக்ரோசாஃப்டே நிறுத்தி வைத்திருக்கலாம். வேறு கருவியைக் கொண்டு வலுக்கட்டாயமாக ஏற்றாமல் சில வாரம் பொறுங்கள்.

லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைச் சொருகிவிட்டு, மாதக் கணக்கு முடிக்கும் நாளாக இல்லாத ஒரு நாளில் தொடங்குங்கள். முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எழுதிய ஒவ்வொரு வேலையையும் வரிசையாகச் செய்து பாருங்கள். டோக்கனைச் சொருகுங்கள், ஸ்கேன் செய்யுங்கள், பழைய கடிதத்தைத் திறங்கள். இதை அன்றே செய்ய வேண்டும். ஏனெனில் பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போகும் வழி 10 நாள்தான் திறந்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரிகவரி, அதில் கோ பேக். பதினோராம் நாள் அந்தப் பொத்தான் மங்கிவிடும். பழைய விண்டோஸ் வைக்கப்பட்டிருந்த கோப்புறையும் நீக்கப்பட்டுவிடும். இடம் அடைக்கிறது என்று அந்தக் கோப்புறையை மூன்றாம் நாளே நீங்களாக அழித்துவிட்டால், திரும்பும் வழியும் அன்றே போய்விடும். அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியவர்களுக்கோ இந்தப் பொத்தானே கிடையாது.

இந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். விண்டோஸ் 11-இன் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் வீட்டுப் பயனர்களுக்கு 24 மாத ஆதரவுதான் உண்டு. 2025 செப்டம்பரில் வந்த 25எச்2-க்கு 2027 அக்டோபரில் காலம் முடிகிறது. வேர்ட்பேடைப் போல இன்னும் ஏதோ ஒன்று இடையில் போகும். அப்போது இதே தாள் வேண்டியிருக்கும்.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்குத் திரும்பும் பொத்தான் இல்லை. கடையின் பரணில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியை இறக்கி, அதில் 32 பிட் விண்டோஸ் 10-ஐப் போட்டு, ஸ்கேனரை அதில் இணைத்தோம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். வைஃபை அதில் கிடையாது. ஸ்கேன் செய்த கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் பக்கத்தில் இருக்கும் புதிய விண்டோஸுக்குக் கொண்டுபோய் அச்சடிக்கிறார். ஒரு ஆதார் நகலுக்கு இரண்டு நாற்காலி மாறி உட்கார வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார், ஆனால் புது ஸ்கேனர் இன்னும் வாங்கவில்லை.